இறக்கையில் உறைபனி: திரும்புவதா, இறங்குவதா, ஏறுவதா?

செஸ்னா 172 விமானத்தில் இறக்கையை உடலோடு சேர்த்துத் தாங்கும் கம்பம் ஒன்று உண்டு. விமானியின் இருக்கையிலிருந்து திரும்பினால் கண்ணுக்கு நேரே தெரியும். அந்தக் கம்பத்தின் முன்விளிம்பில் சுண்ணாம்பு தடவியதுபோல் ஒரு வெள்ளைக் கோடு படிந்ததை ஒரு ஜூலை மாதக் காலையில் பார்த்தேன். மெல்பர்னுக்கு அருகிலுள்ள மூராபின் விமான நிலையத்திலிருந்து வடகிழக்கே ஆல்பரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். கருவிகளை மட்டும் பார்த்து மேகத்துக்குள் பறக்கும் பயிற்சி அது. உயரம் 7,000 அடி. உறைநிலை 8,000 அடிக்கு மேல்தான் என்றது முன்னறிவிப்பு. வெளி வெப்பமானியோ மைனஸ் 2 காட்டியது. வலது இருக்கையிலிருந்த பயிற்றுநர் கம்பத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "இப்போது என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. நான் கோலாலம்பூருக்கு அருகிலுள்ள சுபாங் விமான நிலையத்தில் பறக்கக் கற்றவன். காலை ஒன்பது மணிக்கே தார்த்தளத்தில் அனல் எழும் ஊரில், சட்டை முதுகில் ஒட்ட ஒட்ட விமானத்தைச் சுற்றிவந்து சோதித்துப் பழகியவன். உறைபனி எனக்குத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய ஒரு பாடம், அவ்வளவுதான். அந்தப் பாடத்தில் நான்கு வழிகள் இருந்தன: திரும்பிப் போகலாம், இறங்கலாம், ஏறலாம், நேராகவே போய்க்கொண்டிருக்கலாம். நான்கும் நினைவுக்கு வந்தன. எதை எடுப்பது என்பதுதான் வரவில்லை.

பறக்கும் மணிநேரம் சேர்க்க ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போகிற நம் மலேசிய இளைஞர்களை மனத்தில் வைத்து அந்த நான்கையும் இங்கே ஒப்பிடுகிறேன். வெளிநாடு போகாமல் சுபாங்கிலும் பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலும் மட்டும் பறப்பவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. அவர்கள் சந்திக்கும் பனி இறக்கையில் இல்லை, எஞ்சினுக்குள் இருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. மேலே போகப் போக ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 2 டிகிரி வெப்பம் குறைகிறது. கோலாலம்பூரில் தரையில் 32 டிகிரி என்றால், சுழியத்தைத் தொட 16,000 அடி ஏற வேண்டும். செஸ்னா 172 ஏறக்கூடிய உச்ச உயரமே சுமார் 14,000 அடிதான். நம் வானில் சிறு விமானத்தின் இறக்கை பனி காணாமல் இருப்பதற்குக் காரணம் இந்த 2,000 அடி இடைவெளி. அதற்கும் மேலே போகிற பெரிய விமானங்களுக்கு வெப்பமண்டல வானமும் பனி நிறைந்ததே. 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் கடலில் விழுந்து 228 பேரைப் பலிகொண்ட ஏர் பிரான்ஸ் 447 விமானத்தின் வேகமானிக் குழாய்களைப் பனித்துகள்கள் அடைத்தது நிலநடுக்கோட்டுப் பகுதியின் மேகக் கூட்டத்தில்தான்.

மெல்பர்னில் கணக்கு மாறுகிறது. குளிர்காலத்தில் தரையில் 12 டிகிரி என்றால் 6,000 அடியிலேயே சுழியம். அதன் வடகிழக்கே நிற்கும் மலைகளில் போகாங் சிகரம் 1,986 மீட்டர், அதாவது 6,500 அடி. மலைமுகடும் உறைநிலையும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வந்து நிற்கின்றன. நான்கு வழிகளில் எது நல்லது என்ற கேள்விக்கான விடையில் பெரும்பகுதி இந்த இரண்டு கோடுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியில்தான் இருக்கிறது. கோலாலம்பூரில் அந்த இடைவெளி தாராளம். தித்திவங்சா மலைத்தொடரின் உச்சியான கோர்பு மலையே 2,183 மீட்டர்தான். அதன் தலைக்கு மேல் 8,000 அடிக்குக் குறையாமல் வெதுவெதுப்பான காற்று இருக்கிறது. விக்டோரியாவில் ஒரு மோசமான நாளில் அந்த இடைவெளி இல்லாமலே போய்விடும்.

பனி ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எடைதான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். எடை கூடுவது உண்மை. அதற்கு முன்பே இறக்கையின் வடிவம் கெட்டுவிடுகிறது. முன்விளிம்பில் சொரசொரப்பான உப்புத்தாள் அளவுக்குப் பனி படிந்தாலே இறக்கையின் தூக்குவிசை 30 சதவீதம் வரை குறையலாம், இழுவை 40 சதவீதம் வரை கூடலாம். 180 குதிரைத்திறன் எஞ்சினில் இதை ஈடுகட்டக் கையிருப்பு கிடையாது. இறக்கை தூக்குவிசையை இழந்து விமானம் விழத் தொடங்குவதை ஸ்டால் என்பார்கள். விமானம் சாதாரணமாக ஸ்டால் ஆகும் வேகத்துக்கு வெகு முன்பே ஸ்டால் ஆகக்கூடும், அதுவும் எச்சரிக்கை ஒலி கேட்காமலே. எனவே நான்கு வழிகளில் எதை எடுத்தாலும் முதல் ஓரிரு நிமிடங்களில் எடுக்க வேண்டும். பத்து நிமிடம் கழித்து அதே வழி அதே வழியாக இருக்காது.

திரும்பிப் போவதைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன், பெரும்பாலான நேரங்களில். காரணம் மிக எளியது: பின்னால் இருக்கிற காற்றை நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன், முன்னால் இருப்பதைப் பார்க்கவில்லை. ஐந்து நிமிடத்துக்கு முன் பனியில்லாமல் வந்தேன் என்றால், ஐந்தாறு நிமிடத்தில் பனியில்லாத காற்றுக்குத் திரும்பிவிடலாம். முன்னறிவிப்புத் தாள் இவ்வளவு உறுதியாக எதையும் சொல்வதில்லை. சீரான வேகத்தில் வட்டம் அடித்தால் 180 டிகிரி திரும்ப ஒரு நிமிடம் போதும். அந்தத் திருப்பத்தை மிகவும் சாய்க்காமல், மூக்கை இழுக்காமல் செய்ய வேண்டும். சாய்வு கூடக் கூட ஸ்டால் வேகமும் கூடும். பனி ஏற்கெனவே அதைக் கூட்டி வைத்திருக்கிறது.

இந்த வழி கெடுவது தாமதத்தால். பனி படிவதைப் பார்த்தபடியே கால் மணி நேரம் ஓட்டிவிட்டுத் திரும்பினால், திரும்பும் வழியிலும் கால் மணி நேரப் பனி காத்திருக்கிறது. அப்போது இறக்கையில் இரண்டு மடங்கு படிந்திருக்கும். பின்னால் மேகம் மூடிவிட்டிருந்தாலும் இதே கதைதான். நம் ஊரிலிருந்து போகிறவர்களிடம் இன்னொரு தடையும் உண்டு. வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரிடம் தயங்கித் தயங்கி அனுமதி கேட்கிறோம். பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசக்கூடாது என்று வளர்ந்த பிள்ளைகள் நாம். அந்தப் பணிவு ரேடியோவிலும் வந்துவிடுகிறது. பனியைப் பார்த்தவுடன் கேட்க வேண்டியதில்லை, சொல்ல வேண்டும்: பனி பிடித்திருக்கிறது, திரும்புகிறேன், இந்த உயரம் வேண்டும். தேவைப்பட்டால் மூன்று முறை 'பான்-பான்' சொல்லி அவசரநிலையை அறிவிக்கலாம். அதைச் சொன்னதற்காக யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள். மற்ற விமானங்களை ஒதுக்கி உங்களுக்கு வழி விடுவதற்குத்தான் அந்தச் சொல்லே இருக்கிறது.

இறங்குவது, இடம் இருந்தால், திரும்புவதைவிடவும் நல்லது. எஞ்சினைக் கெஞ்ச வேண்டியதில்லை. புவியீர்ப்பே வேலையைச் செய்கிறது. வெப்பமும் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் 2 டிகிரி கூடிக்கொண்டே வரும். இடம் இருந்தால் என்ற சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது. சுழியத்துக்கு ஒரு டிகிரி மேலே வந்துவிட்டால் புதிதாகப் பனி படிவது நிற்கும், படிந்தது உடனே உதிர்ந்துவிடாது. நாலைந்து டிகிரி கிடைத்தால்தான் பாளமாகப் பெயர்ந்து விழும். அப்படியென்றால் உறைநிலைக்குக் கீழே இன்னும் 2,000 அடியாவது காற்று வேண்டும், அதற்கும் கீழேதான் மலை இருக்க வேண்டும். அன்று எங்களுக்கு அது இல்லை. அந்த மலைகளுக்கு மேல் எங்கள் குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரத்துக்கும் நாங்கள் பறந்த உயரத்துக்கும் நடுவே சொற்ப இடைவெளிதான். மேகத்துக்குள் கண்ணை மூடிக்கொண்டு மலையை நோக்கி இறங்குவதைவிடப் பனியோடு பறப்பது மேல்.

தாழ்ந்த நிலமோ கடலோ எந்தப் பக்கம் என்று தெரிந்தால் திரும்புவதையும் இறங்குவதையும் ஒன்றாக்கிவிடலாம்: அந்தப் பக்கம் திரும்பி, பாதுகாப்பு உயரம் குறையக் குறைய இறங்குவது. என் மதிப்பீட்டில் சிறு விமானத்துக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

இறங்குவது முற்றிலும் தவறாகும் ஒரு நிலைமையும் உண்டு. மேலே வெப்பமான காற்றில் மழையாகத் தொடங்கி, கீழே சுழியத்துக்குக் குறைந்த காற்றுக்குள் விழும் நீர், விமானத்தைத் தொட்ட நொடியில் கண்ணாடிபோல் உறையும். இந்த உறைமழையில் சிக்கிய சிறு விமானத்துக்குச் சில நிமிடங்களே அவகாசம். கீழே போகப் போகக் குளிர்தான் கூடும்; வெப்பம் மேலே இருக்கிறது. பெரிய துளிகள் இறக்கையின் முன்விளிம்போடு நிற்காமல் பின்னால் ஓடி உறைவதும் இப்படிப்பட்ட வானிலையில்தான். 1994 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ரோஸ்லான் அருகே விழுந்த ஏடிஆர் 72 விமானத்தில் 68 பேர் இறந்தார்கள். அதில் பனியகற்றும் கருவி இருந்தது. அந்தக் கருவி எட்டாத இடத்தில், அதற்குப் பின்னால் பனித்திட்டு எழும்பியது.

அதனால்தான் ஏறுவது என்ற வழியைப் பாடத்திலிருந்து நீக்கிவிட முடியாது. உறைமழை என்று தெரிந்தால், விமானத்தில் இன்னும் வலு இருந்தால், வெப்பக் காற்றுக்கு ஏறலாம். படலமாகப் பரந்த மேகத்தின் உச்சி தலைக்கு மேலே சில நூறு அடியில் இருக்கிறது, வெளிச்சம் தெரிகிறது என்றாலும் ஏறலாம். மேலே வெயில் இருக்கும், ஈரம் இருக்காது. இந்த இரண்டைத் தவிர மற்ற நேரங்களில் சிறு விமானத்துக்கு ஏறுவது கடன் வாங்கிச் சூதாடுவது. ஏறும்போது வேகம் குறைகிறது. மூக்கு நிமிர்வதால் இறக்கையின் அடிப்பகுதியிலும் பனி படிகிறது, அந்த இடம் இருக்கையிலிருந்து தெரிவதில்லை. நிமிடத்துக்கு 500 அடி ஏறிய விமானம் 200 அடிக்குத் தடுமாறும். மேக உச்சி இன்னும் ஆயிரம் அடிக்கு மேலே என்று அப்போது தெரிந்தால், உயரமும் இல்லை, வேகமும் இல்லை, இறக்கையும் இல்லை. கோபுரம் கோபுரமாக எழும் திரள்மேகத்துக்குள் ஏறுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். பிற்பகல் மூன்று மணிக்குக் கெந்திங் மலைக்குப் பின்னால் எழுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

நான்காவது வழி, ஒன்றும் செய்யாமல் நேராகப் போவது. எந்தப் பயிற்றுநரும் பரிந்துரைக்காத இந்த வழியைத்தான் மனிதர்கள் அதிகம் எடுக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்த முதல் அரை நிமிடம் நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். மேகம் இதோ முடிந்துவிடும் என்று தோன்றும். ஆல்பரி இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று தோன்றும். வாடகை மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். ரிங்கிட்டை ஆஸ்திரேலிய டாலராக மாற்றிக் கட்டிய பணம் நெஞ்சில் கனக்கும். வீட்டில் அப்பா எடுத்த கடன் நினைவுக்கு வரும். அந்தக் கனத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் வானிலைக்கு அது தெரியாது.

அன்று நாங்கள் தெற்கே திரும்பினோம். பயிற்றுநர் ரேடியோவில் பேசினார், நான் ஓட்டினேன். தானியங்கிச் செலுத்தியை முதலில் அணைக்கச் சொன்னார். பனியால் விமானம் கனப்பதையும் இழுப்பதையும் தானியங்கி மௌனமாகச் சரிசெய்துகொண்டே போகும். அதனால் முடியாமல் போகும் கணத்தில் திடீரென்று கைவிட்டுவிடும். கையில் பிடித்தால் மாற்றம் விரல்களுக்குத் தெரியும். தெரிந்தது. கம்பத்தின் வெள்ளைக் கோடு அதற்குள் சுண்டுவிரல் தடிமனுக்கு வந்திருந்தது. வேகம் 12 நாட் (மணிக்கு 12 கடல்மைல்) குறைந்திருந்தது. எஞ்சின் வலுவைக் கூட்டினோம். மலை தாழத் தாழ இறங்கினோம்.

திரும்பி வந்து சுபாங்கில் இந்தக் கதையை ஒரு மூத்த விமானியிடம் சொன்னேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கே பறந்தவர், நான் அண்ணன் என்று அழைப்பவர். கதையை முழுவதும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "தம்பி, நீ பனியைப் பார்க்க மெல்பர்ன் வரை போயிருக்க வேண்டாம். இங்கே நீ ஓட்டிய வாரியர் விமானத்தின் கார்புரேட்டருக்குள் அது எத்தனையோ முறை வந்து போயிருக்கும். உனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்."

அவர் சொன்னது முழு உண்மை. எஞ்சினுக்குப் போகும் காற்றில் பெட்ரோலைக் கலப்பது கார்புரேட்டர். அதன் குறுகிய கழுத்தில் காற்று விரைந்து பாயும்போது அழுத்தமும் வெப்பமும் குறைகின்றன. அதே இடத்தில் பெட்ரோல் ஆவியாகி இன்னும் வெப்பத்தை உறிஞ்சுகிறது. இரண்டும் சேர்ந்து 30 டிகிரிக்கு மேல்கூட வெப்பத்தை இறக்கிவிடும். வெளியே 28 டிகிரி, உள்ளே உறைநிலைக்குக் கீழே. காற்றிலுள்ள ஈரம், எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் தகட்டைச் சுற்றிப் பனியாகப் படிந்து, எஞ்சினின் மூச்சுக்குழலை அடைக்கிறது. 21 டிகிரிக்குக் குறைவான வெப்பமும் 80 சதவீதத்துக்கு மேற்பட்ட ஈரப்பதமும் இதற்கு மிகவும் ஏற்றவை என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கையேடு சொல்கிறது. 38 டிகிரி வெப்பத்திலும்கூட நேரலாம் என்று அடுத்த வரியிலேயே எச்சரிக்கிறது. பினாங்கில் மழை ஓய்ந்த அதிகாலையை நினைத்துப் பாருங்கள். வெப்பம் 25, காற்றிலுள்ள ஈரம் நீராகத் திரளத் தொடங்கும் பனிநிலை 24. கடலுக்கு மேல் எஞ்சின் வலுவைக் குறைத்து பாயான் லெப்பாஸை நோக்கி இறங்குகிறோம். கார்புரேட்டர் பனி வாய்ப்பைக் காட்டும் வரைபடத்தில் அந்தப் புள்ளி, இறங்கும் வலுவில் கடுமையான பனி என்ற பகுதிக்குள் விழுகிறது. நம்முடைய சாதாரணக் காலை அது.

இங்கேயும் வழிகள் பல, தேர்வு ஒன்று. எஞ்சின் சுழற்சி காரணமில்லாமல் 50, 100 என்று குறைகிறது. பலர் முதலில் செய்வது த்ராட்டிலைக் கொஞ்சம் கூட்டுவது. சுழற்சி திரும்பிவிடும், மனம் சமாதானமாகும், பனி உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். நேராகவே போய்க்கொண்டிருப்பதன் உள்ளூர் வடிவம் இது. வேறு சிலர், கார்புரேட்டருக்குள் சூடான காற்றை அனுப்பும் கார்புரேட்டர் ஹீட் நெம்புகோலைப் பாதி இழுப்பார்கள். கார்புரேட்டர் வெப்பமானி இல்லாத விமானத்தில் பாதி வெப்பம் ஆபத்தானது. மிகக் குளிர்ந்து கெட்டியாக இருந்த ஈரத்தை உருக்கி, மீண்டும் உறைய ஏற்ற வெப்பநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். முழுதாக இழுப்பதுதான் வழி. இழுத்தவுடன் சுழற்சி இன்னும் குறையும். உருகிய நீரை விழுங்கி எஞ்சின் இருமும், உலுக்கும். அந்தச் சில நொடிகளில்தான் கை பதறி நெம்புகோலை உள்ளே தள்ளிவிடுகிறது, இழுத்ததால்தான் கெட்டது என்று எண்ணி. தள்ளக்கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். இருமல் அடங்கிச் சுழற்சி முன்பிருந்ததைத் தாண்டி ஏறும். அப்படி ஏறினால் உள்ளே பனி இருந்தது உறுதி. மிகவும் தாமதித்தால் இன்னொரு சிக்கல்: சூடான காற்றைத் தருவது எஞ்சினின் புகைக்குழாய். எஞ்சின் ஓய்ந்துபோனால் அந்தச் சூடும் ஆறிவிடும், நெம்புகோலை இழுத்தும் பயனில்லை.

இதற்கு விலையும் உண்டு. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. எஞ்சின் வலு 15 சதவீதம் வரை குறையலாம். அந்தக் காற்று வடிகட்டி வழியாக வருவதில்லை என்பதால் தரையில் ஓட்டும்போது தூசி உள்ளே போகும். இறங்க முடியாமல் மீண்டும் எழும்ப நேர்ந்தால் நெம்புகோலை உள்ளே தள்ள மறக்கக்கூடாது. எப்போது இழுப்பது என்பதில் கையேடுகளே வேறுபடுகின்றன. கார்புரேட்டர் உள்ள செஸ்னாவில் வலுவைக் குறைக்கும் முன்பே இழுக்கச் சொல்கிறார்கள். வாரியர் போன்ற பைப்பர் விமானங்களில் பனி இருக்கிறது என்று தோன்றினால் மட்டும் போதும் என்கிறார்கள். லைகாமிங் எஞ்சினில் கார்புரேட்டர் எண்ணெய்த் தொட்டியோடு ஒட்டியிருப்பதால் கொஞ்சம் சூடு கிடைக்கிறது. கான்டினென்டல் எஞ்சின்களில் அந்த உதவி இல்லை, பழைய செஸ்னா 150 ஓட்டியவர்களுக்கு இது தெரியும். ஓட்டுகிற விமானத்தின் கையேட்டைத்தான் பின்பற்ற வேண்டும். ஆனால் பினாங்குக் கடலுக்கு மேல் மழைக்குப் பின் இறங்கும்போது, எந்த விமானமானாலும் நான் சில நிமிடத்துக்கு ஒருமுறை இழுத்துச் சோதிக்கிறேன்.

அப்படியானால் எரிபொருள் பீய்ச்சும் எஞ்சின் உள்ள விமானத்தையே வாடகைக்கு எடுத்துவிடலாமே என்று கேட்பார்கள். 1996இல் செஸ்னா மீண்டும் தயாரிக்கத் தொடங்கிய 172 வகைகள் எல்லாம் அப்படித்தான். டயமண்ட் டிஏ40உம் அப்படித்தான். கார்புரேட்டரே இல்லை, எனவே அந்தப் பனியும் இல்லை. பதிலாக வேறொரு தொல்லை: சுபாங் வெயிலில் இருபது நிமிடம் நிறுத்திவிட்டு வந்தால் குழாயிலுள்ள பெட்ரோல் ஆவியாகி எஞ்சின் கிளம்ப அடம்பிடிக்கும். குளிர்நாட்டு மேகத்தில் காற்று வடிகட்டியே பனியால் அடைபடும், மாற்றுக் காற்று வழி திறக்க வேண்டியிருக்கும். ஒப்பிட்டால், சொந்தமாக வாங்குபவர் பீய்ச்சும் எஞ்சினை வாங்கட்டும். கற்றுக்கொள்பவர் கார்புரேட்டர் விமானத்தில் கற்கட்டும் என்பேன். எஞ்சினின் மூச்சைக் காதால் கேட்டுப் பழகுவது அதில்தான் கைகூடும்.

இறக்கைப் பனியகற்றும் கருவி பற்றியும் கேட்கிறார்கள். சிரஸ் எஸ்ஆர்22 போன்ற சில விமானங்களில் முன்விளிம்பிலுள்ள நுண்துளைகள் வழியாகக் கிளைக்கால் திரவம் கசிந்து பனி ஒட்டாமல் காக்கும். அதிலும் இரண்டு வகை: முன்னறிவிக்கப்பட்ட பனிக்குள் போகச் சான்று பெற்றது ஒன்று, தப்பித்து வெளியேற மட்டும் உதவுவது இன்னொன்று. வெளித்தோற்றத்தில் வேறுபாடு அதிகம் தெரியாது என்பதால் வாடகைக்கு எடுக்கும் முன் ஆவணத்தைப் பார்த்தே ஆக வேண்டும். மலேசியாவில் மட்டும் பறப்பவருக்கு இரண்டுமே வீண் எடை. குளிர்நாட்டில் இருந்தால் நல்லதுதான். ஆனால் தொட்டியில் திரவம் தீரும் வரைதான் அந்த நல்லது. சாதாரணப் பயிற்சி 172இல் இருப்பதெல்லாம் வேகமானிக் குழாயைச் சூடாக்கும் பொத்தானும் முன்கண்ணாடிக்கு வெந்நீராவி போல் வந்து மோதும் கொஞ்சம் சூடான காற்றும்தான்.

கிளம்பும் முன்பே எடுக்க வேண்டிய முடிவு ஒன்று இருக்கிறது, அதை இப்போது நான் விட்டுக்கொடுப்பதில்லை. முழங்காலில் கட்டும் குறிப்பட்டையில் மூன்று எண்களை எழுதுகிறேன்: உறைநிலை, வழியிலுள்ள குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரம், மேக உச்சி. ஆஸ்திரேலிய வானிலைத் துறை வெளியிடும் பகுதி முன்னறிவிப்பில் உறைநிலையும் பனி எச்சரிக்கையும் இருக்கும். உறைநிலைக்கும் பாதுகாப்பு உயரத்துக்கும் நடுவே 3,000 அடி இல்லை, பாதை மேகத்துக்குள் போகிறது என்றால் நான் கிளம்புவதில்லை. இந்த 3,000 எந்த விதியிலும் இல்லை. முன்னறிவிப்பு ஓராயிரம் அடி தவறலாம், உருக இன்னும் இரண்டாயிரம் வேண்டும் என்ற என் அனுபவக் கணக்கு. எண்களுக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறியும் போடுகிறேன், பனி பிடித்தால் எந்தப் பக்கம் தாழ்ந்த நிலம் என்று காட்ட.

இனி மிச்சம் இருப்பது தரையிறங்கும்போது செய்ய வேண்டிய தேர்வு. மெதுவாக இறங்க உதவும், இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் தகடான ஃப்ளாப்பை இறக்குவதா, வேண்டாமா? பழக்கம் இறக்கச் சொல்லும். நூறு முறை அப்படித்தான் இறங்கியிருப்போம். பனியோடு இறங்கும்போது வேண்டாம் என்பதே செஸ்னா 172 கையேட்டின் விடை. வாலின் கிடைத்தகடு இறக்கையைவிட மெல்லியது, அதனால் பனி அங்கே விரைவாகவே சேர்கிறது. ஃப்ளாப்பை இறக்கினால் இறக்கையிலிருந்து வாலுக்குப் போகும் காற்றின் திசை மாறி, மூக்கை நிமிர்த்தும் திறனே இல்லாமல் போகலாம். முன்விளிம்பில் கால் அங்குலத்துக்கு மேல் பனி இருந்தால் ஸ்டால் வேகம் நன்றாகக் கூடியிருக்கும் என்று எதிர்பார்க்கச் சொல்கிறது அதே பக்கம். அருகிலிருக்கும் சிறு ஓடுபாதையா, இன்னும் பத்து மைலில் உள்ள நீண்ட ஓடுபாதையா என்று வந்தால், விமானம் உயரத்தைத் தக்கவைக்கும்வரை நான் நீண்டதையே எடுப்பேன். ஃப்ளாப் இல்லாமல் கூடுதல் வேகத்தில் இறங்க அந்த நீளம் தேவை.

எங்களுக்கு 3,000 அடியில் இறக்கைப் பனி பாளம் பாளமாகப் பெயர்ந்து போனது. வாலில் இருந்ததும் போய்விட்டதா என்பது பின்கண்ணாடி மூடுபனியில் தெளிவாகத் தெரியவில்லை. தெரியாததால் இருப்பதாகவே வைத்துக்கொண்டோம். ஃப்ளாப்பைத் தொடவில்லை. கையேடு சொல்லும் 65 முதல் 75 நாட் வரம்பின் மேல்முனையில் மூராபின் ஓடுபாதையை நோக்கி வந்தோம். கடைசியில் மூக்கை உயர்த்தி மிதக்கவிடாமல் கிடைமட்டமாகவே தரைக்கு இறக்கச் சொன்னார் பயிற்றுநர். சக்கரங்கள் தொட்ட பிறகுதான் த்ராட்டிலை முழுவதும் மூடினேன்.